வரலாமா, வர முடியுமா

எட்டாவின் குரல் அன்று தன் இடத்தில் வரவில்லை, முன்னதாகவே வந்துவிட்டது.

லவினியா பெக்கம் பின்னறையில், ஒலிப்பதிவுப் பெட்டியின் தகரப் புனலுக்கு அருகே காதை வைத்து அமர்ந்திருந்தாள். மெழுகு உருளை சுழன்றது, முள் இரைந்தது, அந்த இரைச்சலின் அடியிலிருந்து அவள் கணவன் ஆரினின் பாஞ்சோ நரம்பிசை, மூடிய பானைக்குள் உருளும் பட்டாணியைப் போல், சிறுகச் சிறுக எழுந்து வந்தது. அயர்லாந்தின் பழைய ஆட்டமெட்டு அது. முதற்பகுதி இருமுறை, பின்னர் இரண்டாம் பகுதி, அது முடிந்ததும் ஓர் இடைவெளி. ஆடுகிறவர்கள் எல்லாரும் காலை ஓங்கித் தரையில் மிதிப்பதற்காக, நரம்புகள் யாவும் ஒரு தாள அளவு வாய்மூடி நிற்கும் இடம். அந்த இடைவெளியில்தான், சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து, அவர்கள் மகள் ஏழு வயது எட்டாவின் குரல் கேட்கும்.

"அப்பா, நான் உள்ள வரலாமா?"

அன்று அந்தக் குரல் இரண்டாம் பகுதியின் நடுவிலேயே, நரம்புகள் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே, அவற்றின்மீது ஏறிக் கேட்டது. பின்னால் வந்த இடைவெளி வெறுமையாக இருந்தது.

குறுக்கே பேசும் பழக்கம் எட்டாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

லவினியா முள்ளைத் தூக்கினாள். திருமணத்துக்கு முன் லோவெல் நகரத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் அவள். ஒன்று தன் இடத்தில் இல்லையென்றால் அதை எடுத்து இடத்தில் வைக்க வேண்டும். வைக்க முடியாததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இதுவே அவள் வாழ்ந்த முறை. உருளையை அதன் அட்டைக் குப்பியில் வைத்து மூடினாள். முள்ளின் அடியில் உதிர்ந்துகிடந்த மெழுகுத் தூளைப் பஞ்சுத் தூரிகையால் கூட்டி, உப்புக் கிண்ணத்தில் சேர்த்தாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இந்த வெண்தூள் சிறிது உதிரும். உதிர்வது என்ன என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அதை அவள் வெளியே கொட்டியதில்லை.

ஆரின் பெக்கம் பாஞ்சோ ஆசிரியன். ஆலை மணி அடித்து ஓய்ந்தபின் வரும் எழுத்தர்களுக்கும் நெசவாளர்களுக்கும் விரல் பழக்கினான். பிடில்காரர்களின் பழைய மெட்டுகளைப் பாஞ்சோவின் ஐந்து நரம்புகளுக்கு ஏற்றவாறு மாற்றி எழுதினான். எழுதியதை வாசித்து மெழுகில் பதிந்து, தொலைவூர்ச் சங்கங்களுக்கு அனுப்பினான். பதியும் வேளையில் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. "புனல் கேக்குது" என்று அவன் சொன்னால் போதும். பேச்சு நின்றுவிடும், அடுப்படியில் கரண்டி நின்றுவிடும், பின்னறைக் கதவை எவரும் தொடமாட்டார்கள். எட்டா தன் மரப்பொம்மையின் வாயில்கூட விரல் வைத்து, "புனல் கேக்குது" என்று அதட்டுவாள்.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒருநாள், தொண்டை வலியென்று பள்ளியிலிருந்து அவளைத் திருப்பி அனுப்பினார்கள். லவினியா அப்போது கடைக்குப் போயிருந்தாள். குழந்தை நடைக்கூடத்துக் கதவருகே வந்து நின்றது. உள்ளே மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெட்டு அவளுக்கு மனப்பாடம். எனவே இடைவெளி வரும்வரை காத்திருந்து, நரம்புகள் ஓய்ந்த அந்த ஒரு தாள அளவில், மிகுந்த மரியாதையோடு, உள்ளே வரலாமா என்று கேட்டாள். வாசிப்பைக் கெடுக்கக் கூடாதென்று அவள் தேர்ந்தெடுத்த இடமே வாசிப்பைக் கெடுத்தது. ஆரின் அதைக் கேட்டான். இன்னும் ஒரு சுற்றுத்தானே என்று எண்ணி வாசித்து முடித்தான். கதவைத் திறந்தபோது அவள் சுவரின் குளிர்ச்சிக்காகக் கன்னத்தைக் காரையில் ஒட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். "நல்ல உருளையைக் கெடுத்துட்டியே" என்றான். கெட்ட உருளையைச் சீவி மறுபடியும் பதிவதற்கென்று அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டான்.

தொண்டையடைப்பான் நோய் அது. அடுத்த ஞாயிறு அவளை அடக்கம் செய்தார்கள்.

கீழ்த்தட்டிலிருந்து அந்த உருளையை மீட்டவள் லவினியா. எட்டாவின் குரல் இந்த உலகில் வேறெங்கும் இல்லை.

*

அவளுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

முடியுமா என்பது வலிமையைக் கேட்பது. லாமா என்பது அனுமதியைக் கேட்பது. இவ்விரண்டையும் குழப்புகிறவர்களை அவள் மன்னித்ததில்லை. "அம்மா, நான் வெளிய போக முடியுமா?" என்று எட்டா கேட்டால், "முடியும், ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு. போகலாமான்னு கேளு" என்பாள். குழந்தை சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்லும். பிறகு திருத்தவேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. கதவருகே காய்ச்சலோடு நின்றபோதுகூட அவள் வரலாமா என்றுதான் கேட்டாள்.

ஒரேயொரு முறை தவறினாள். காய்ச்சல் முற்றிய அன்று, கட்டிலருகே இருந்த குவளையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி குடிக்க முடியுமா?" என்றாள். லவினியா மூச்சுக்கு ஆவி காட்டுவதற்காகச் சட்டியில் சுண்ணாம்பை நீர் விட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பாராமல், "குடிக்கலாமான்னு கேளு" என்றாள். எட்டா அதை மறுபடி யோசிப்பவள்போலக் கிடந்தாள். பிறகு, இல்லையென்று தலையை அசைத்தாள்.

மருத்துவர் வந்து விளக்கைக் காட்டிக் குழந்தையின் வாயைத் திறந்தபோது, தொண்டையின் குறுக்கே சாம்பல்நிறத் தோல் ஒன்று படர்ந்து அடைத்திருந்தது. பாஞ்சோவுக்குக் கன்றுத்தோல் இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. அப்போதுதான் லவினியாவுக்கு விளங்கிற்று. குழந்தை அனுமதி கேட்கவில்லை. குடிக்க முடியுமா என்றுதான் கேட்டது. அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை.

*

ஆரின் அந்த உருளையைக் கேட்பதில்லை. அவள் பெட்டிக்குச் சாவி கொடுக்கும் ஓசை கேட்டதும் மேலங்கியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவான். ஒருநாள் மட்டும் வாசலில் நின்று சொன்னான்:

"நீ கேக்கக் கேக்க அவளைத் தேய்க்கிற, லவி."

"நீ கேட்டும் கேக்காம இருந்தியே. அதுக்கு என்ன பேரு?"

அவன் தொப்பியை எடுக்காமலேயே போனான். அவன் தலையில் பனி விழுவதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு, சொன்னதைத் திரும்ப அழைக்கும் வழி தெரியாமல் அவள் நின்றாள்.

உருளை தேயாமல் காக்க வழி சொன்னவர் ஹோரஸ் டில்டன். பாஞ்சோச் சங்கத்தில் ஆரினுக்குத் துணைவாசிப்பு வாசிப்பவர். பருத்த உடம்பு, மெல்லிய விரல்கள். ஓர் உருளையைப் பார்த்து இன்னோர் உருளை எழுதலாம் என்றார். இரண்டு பெட்டிகளைப் புனலோடு புனலாக எதிரெதிரே வைத்து, ஒன்று பாட மற்றொன்று பதிய வேண்டும். நகலைக் கேட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். மூலம் பத்திரமாக இருக்கும். ஆனால் அறைக்குள் வேறெந்த ஒலியும் இருக்கக் கூடாது. பதிகிற புனல் எதிரே இருக்கும் புனலை மட்டுமா கேட்கும், அறை முழுவதையும் கேட்கும். ஆகவே கனத்த பனி விழுந்து டிராம் வண்டிகள் நிற்கும் நாள்வரை பொறுக்கச் சொன்னார். அதுவரை அந்த உருளையைத் தொடாதீர்கள் என்றும் சொன்னார்.

அவள் தொட்டாள்.

தொட்ட ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் சற்று முன்னே வந்தது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்துக்கு வந்தது. பிறகு முதற்பகுதிக்குள் நுழைந்தது. மெழுகு அடுப்புச் சூட்டில் விரியும் என்று ஆரின் முன்பு சொல்லியிருந்தான். விரிந்தால் மெட்டும் அல்லவா நகர வேண்டும்? மெட்டு நகரவில்லை, தேய்ந்தது. பாஞ்சோ நாளுக்கு நாள் தூரப் போயிற்று. குரல் மட்டும் தேயவில்லை. முன்னெல்லாம் கேட்டிராத ஒன்றையும் அவள் இப்போது கேட்டாள். "அப்பா" என்பதற்கு முன்னால், எதையோ விழுங்க முயன்று விழுங்க மாட்டாத ஒரு சிறு ஒலி.

நடைக்கூடத்தில், கழுவித் துடைத்துச் சட்டியையும் குப்பையில் எறிந்துவிட்ட பிறகும், தாளித்த சுண்ணாம்பின் வாடை அடித்தது. பின்னறைக் கதவின் அருகே, சுவர்க் காரையில் ஓரிடம் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். அந்தக் குளிர்ந்த வீட்டில் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இடுப்பு உயரத்துக்குக் கீழே. அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் கன்னம் எட்டும் உயரத்தில்.

ஆரினிடம் அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் நகலெடுக்க ஒப்பியிருக்க மாட்டான்.

*

இரண்டு நாள் விடாமல் பெய்த பனியில் நகரம் ஊமையாயிற்று. குதிரை இல்லை, சக்கரம் இல்லை. ஆலை மணியும் பஞ்சுப் பொதிக்குள் அடித்ததுபோல் கேட்டது. பிற்பகலில் ஹோரஸ் தம் பெட்டியைச் சிறுவர்களின் சறுக்குப் பலகையில் வைத்துக் கட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"தெருவுல ஒரு பய பாக்கி இல்லாம சிரிச்சுட்டான், அம்மணி. இந்த வயசுல சறுக்கப் போறீரான்னு கேக்குறான்."

"நீங்க சறுக்கினா பலகைதான் பாவம்" என்றான் ஆரின். பல வாரங்களுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. ஹோரஸ் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். லவினியா சுடச்சுடத் தேநீர் கொடுத்தாள். ஒரு கணம் அது பிறர் வீடுகளைப் போன்ற வீடாக இருந்தது.

பின்பு வேலை தொடங்கியது. கடிகாரத்தின் ஊசலை நிறுத்தினார்கள். நிலக்கரி வெடிக்கும் ஓசை கேட்கக் கூடாதென்று கணப்பை அவித்தார்கள். கதவின் கீழிடுக்கில் கம்பளிச் சுருளைத் திணித்தார்கள். இரண்டு தகரப் புனல்களும் ஒன்றன் வாயை ஒன்று பார்த்து நின்றன. ஹோரஸ் பதியும் முள்ளைப் புது உருளையின்மேல் இறக்கிவிட்டு ஆரினைப் பார்த்தார். அவன்தான் சொல்ல வேண்டும். உதடுகளை நனைத்துக்கொண்டான்.

"புனல் கேக்குது."

மெட்டு தொடங்கியது. தொடங்கியதோ இல்லையோ, முதற்சொற்றொடரின் மேலேயே குரல் வந்துவிட்டது. அப்பா, நான் உள்ள வரலாமா. ஆரினின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த நாளுக்குப் பின் அவன் அதைக் கேட்பது அதுவே முதன்முறை. அது இருக்கவேண்டிய இடம் எது என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் அவன் அசையவில்லை. புனல் கேட்டுக்கொண்டிருந்தது.

முள்ளை மாற்றி நகலைப் போட்டுப் பார்த்தார்கள். பாஞ்சோ ஆற்றின் அக்கரையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது; நகல் அப்படித்தான் இருக்கும். ஆனால் குரல் அக்கரையில் இல்லை. புனலுக்கும் குரலுக்கும் இடையே ஒரு கதவின் தடிப்புக்கூட இல்லாததுபோல், மூச்சின் ஈரத்தோடு, அருகே கேட்டது.

ஹோரஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கணப்பில்லாத அறையில் அவருக்கு வியர்த்திருந்தது. சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்றார். இன்னொரு முறை எடுத்தால் சரியாகிவிடும் என்றார். சொல்லும்போது அவர் எவரையும் பார்க்கவில்லை.

"வேணாம், லவி" என்றான் ஆரின்.

"எடுங்க, ஹோரஸ்."

சன்னலில் வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. இன்னொரு புது உருளை. இன்னொருமுறை முள் இறங்கிற்று. மெழுகிலிருந்து மயிரிழை போன்ற ஒரு நூல் சுருண்டு எழுந்தது.

முதற்பகுதி. குரல் இல்லை.

அதன் மறுமுறை. இல்லை.

இரண்டாம் பகுதி. லவினியா கைக்குட்டையைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டாள். இடைவெளி வந்தது. ஒரு தாள அளவு. மெழுகின் இரைச்சல், வேறொன்றுமில்லை. தேய்த்துவிட்டேன், என்று அவள் எண்ணினாள். அவளை நானே தேய்த்துத் தீர்த்துவிட்டேன். ஆரினின் கண்களிலிருந்து நீர் ஓசையின்றி வழிந்து தாடிக்குள் இறங்கிற்று. மெட்டு முடிந்தது. வெறும் இரைச்சல் சுழன்றது. முள்ளைத் தூக்க ஹோரஸ் கையை நீட்டினார்.

கதவில் நகம் உரசியது.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

மீண்டும். கதவின் கீழ்ப்பாதியில். மெதுவாக.

சுண்ணாம்பு வாடை.

விழுங்க மாட்டாத அந்தச் சிறு ஒலி. அது புனலிலிருந்து வரவில்லை.

"அம்மா."

ஆரின் விரலை உதட்டின்மேல் வைத்தான். அது பழக்கமா, எச்சரிக்கையா, கெஞ்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் மட்டும் வேண்டாம், வேண்டாம் என்றன.

"அம்மா, நான் உள்ள வர முடியுமா?"

முடியுமா.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அந்தப் பழைய திருத்தம். அதை அவள் விழுங்கினாள். வாழ்நாளெல்லாம் சொல்லி வந்ததை விழுங்கினாள். இன்னொரு முறை திருத்தமாட்டேன். குழந்தை கேட்டது எதுவோ அதற்கே பதில் சொல்வேன்.

"முடியும், கண்ணு" என்றாள். "உன்னால முடியும். வா."

உரசல் நின்றது.

நாற்காலி சாய்ந்தது. ஆரின் எழுந்து ஓடினான். கம்பளிச் சுருளைக் காலால் எற்றினான். அன்று உடனே திறக்காத கதவை இரு கைகளாலும் பற்றி இழுத்துத் திறந்தான்.

நடைக்கூடம். நீல வெளிச்சம். ஈரச் சுவர்.

"யாருமில்ல" என்றான். "லவி, இங்க யாருமில்ல." கதவுச் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதான்.

அவனை அழைக்க அவள் வாயெடுத்தாள். பேர் வெளியே வரவில்லை. தொண்டையில் ஏதோ குறுக்கே நின்றது. மெல்லியது. இழுத்துக் கட்டியது. விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அவள் தொண்டை விழுங்கப் பார்த்தது. அவள் அல்ல.

அவள் வாய் திறந்தது. அதைத் திறந்தவள் அவள் அல்ல.

"அப்பா" என்றது எட்டாவின் குரல். "நல்ல உருளையைக் கெடுத்துட்டேனா?"

ஆரின் திரும்பினான். அவன் முகத்தில் முதலில் வந்தது அச்சம் அன்று. மகிழ்ச்சி. அதைத்தான் லவினியாவால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று சொல்லவும் இடமில்லை. வெகு உள்ளே, சாத்திய கதவொன்றின் பின்னால், காரையில் கன்னம் ஒட்டிய ஒருத்தியாக அவள் இருந்தாள்.

"இல்லடா தங்கம். கெடுக்கல. கெடுக்கவே இல்ல."

"தண்ணி குடிக்க முடியுமா, அப்பா?"

அவன் தேநீர்க் குவளையில் நீரை வார்த்து எடுத்துவந்து, மனைவியின் முன்னே மண்டியிட்டு, அவள் உதட்டருகே பிடித்தான். நீர் முகவாயில் வழிந்தது, கழுத்தில் வழிந்தது, மடியை நனைத்தது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அவன் மறுபடி வார்த்தான். மறுபடி பிடித்தான்.

ஹோரஸின் கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. முள்ளை எவரும் தூக்கவில்லை. உருளை முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்க வேண்டும். ஆயினும் அந்த வெளிறிய நூல் அறாமல் சுருண்டு, சுருண்டு, மேசை நிறைந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. புனல் கேட்டுக்கொண்டிருந்தது.